முடக்குவாதமும் இருதயத் துடிப்பும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எங்களில் ஒருவர் மருத்துவர், மற்றவர் செவிலியர். ஒரே கூரையின் கீழ் வாழும் கணவன் மனைவி. ஒருவர் பேசினால் மற்றவர் குறுக்கிட்டுத் திருத்துவது எங்கள் வீட்டு வழக்கம். இவ்வுரையையும் அப்படித்தான் தயாரித்தோம். ஆகவே 'நான்' என்று வர வேண்டிய இடத்திலும் 'நாங்கள்' என்றே வரும். பொறுத்தருள வேண்டுகிறோம்.

விழாக்குழுவினர் எங்களை அழைத்தபோது, "மூட்டுவலியைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். ஞாயிறு திருப்பலியில் முழந்தாட்படியிட முடியாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் நாங்கள் மூட்டை விட்டு இருதயத்துக்குப் போகப் போகிறோம். அதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்கள். வலக்கை விரல்கள் மூன்றை இடக்கை மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே வையுங்கள். நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பாரே, அதே இடம்தான். துடிப்பு கிடைத்ததா? இப்போது ஐந்து எண்ணும் வரை மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். மறுபடி ஐந்து எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். இப்படி ஆறு முறை. இளைஞர்கள் பலருக்கு ஒன்று தெரிந்திருக்கும்: மூச்சு உள்ளே போகும்போது நாடி சற்று விரைகிறது, வெளியே வரும்போது தளர்கிறது. பீடச் சிறுவர்கள் சிலர் தங்கள் கையையே பார்த்துச் சிரிப்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு அது மிக நன்றாகத் தெரியும். பிள்ளையின் நாடி கூடிக் குறைகிறதென்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரை நாங்கள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். பயமே வேண்டாம், அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

"என் இருதயம் கடிகாரம் போல ஓடுகிறது" என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையில் நல்ல இருதயம் கடிகாரம் போல ஓடுவதில்லை. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்றாக அளந்து வைத்ததுபோல் விழுவதில்லை. ஓர் இடைவெளி முக்கால் விநாடிக்குச் சற்று மேலே இருக்கும், அடுத்தது ஒரு விநாடியையும் தாண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மருத்துவர்கள் 'இருதயத் துடிப்பு மாறுபாடு' என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி இரத்த அழுத்தத்தை அளந்தபோது, மூச்சோடு நாடியும் அசைவதைக் கவனித்திருக்கிறார். குருவானவருக்கு அந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். அக்காலத்தில் அறிவியல் வளர்த்தவர்களில் பலர் அவர்களே.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரன் கையில் ஒரு சாட்டை, ஒரு மூக்கணாங்கயிறு. நம் இருதயத்துக்கும் இவ்விரண்டும் உண்டு. விரட்டுவது பரிவு நரம்பு. இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. இது மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி, இருதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் போகிறது. லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 'வேகஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

யாரும் கயிற்றைப் பிடிக்காமல் விட்டால் இருதயம் தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். இது ஊகமல்ல. 1967 டிசம்பரில் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக மனித இருதயத்தை மாற்றி வைத்தார் அல்லவா? அப்படி மாற்றி வைத்த இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். ஓய்வில் படுத்திருந்தாலும் அது 90, 100 என்றே ஓடும், ஏற்ற இறக்கமும் வெகு குறைவு. நமக்கு ஓய்வில் 70 என்று இருக்கிறதென்றால் வேகஸ் நரம்பு இரவும் பகலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் கட்டளை ஒரே துடிப்பில் பலித்துவிடும். சாட்டையின் கட்டளை பலிக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அதனால்தான் மூச்சோடு மூச்சாக நாடி அசைவது வேகஸின் கைவரிசை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்த அசைவு மங்கினால் கயிறு தளர்ந்துவிட்டது என்று அறியலாம்.

இந்த நரம்பு இருதயத்தோடு எப்படிப் பேசுகிறது என்பதைக் கண்டவர் ஆட்டோ லோவி. அந்தக் கதை ஒரு பாஸ்கா இரவுக் கதை, ஆகவே சொல்லாமல் விட மனமில்லை. ஆஸ்திரிய நாட்டு கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த அவர், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு தூக்கத்தில் ஓர் எண்ணம் தோன்ற, விழித்துத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டாராம். காலையில் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை! மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மறுபடி வந்தது. இம்முறை காகிதத்தை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவாகத் துடித்தது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்ற இருதயத்தில் விட்டார். யாரும் தூண்டாத அந்த இருதயமும் மெதுவாயிற்று. நரம்பு ஒரு ரசாயனப் பொருளைக் கசிய விட்டுத்தான் பேசுகிறது என்பது அன்று வெளிப்பட்டது. அதை அவர் 1921-ல் வெளியிட்டார். 1936-ல் நோபல் பரிசு வந்தது. அப்பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

இனி முடக்குவாதத்துக்கு வருவோம். வயதானபின் முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு, இது வேறு. இதில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை தவறி, மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. கைவிரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. அடுப்பு மூட்டிக் காபி போட்டு முடிக்கும் வரைகூட இறுக்கம் விடாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். டில்லியை அடுத்த கிராமப்புறத்தில் நடந்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் உண்டு. அக்கணக்கை நம் பங்குக்குப் போட்டுப் பார்த்தால் இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கக்கூடும்.

எங்கள் தாயார் அப்படிப்பட்ட ஒருவர். (எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார். இருவருக்கும் அம்மாதான்.) நாற்பத்தொரு வயதில் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் இந்நோயோடு வாழ்ந்தார். கோணிய விரல்களால் பூ கட்டுவார், மீன் ஆய்வார். எங்களிடம் ஒருபோதும் முறையிட்டதில்லை. நாங்கள் அவருடைய விரல்களைப் பார்த்தோம், மணிக்கட்டைப் பார்த்தோம், இரத்தப் பரிசோதனை செய்தோம். நாடியையும் பார்த்தோம், எப்போதும் 96, 98. "இரத்தம் குறைவு, கொஞ்சம் பதற்றக்காரி" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். திருப்பலியில் எழுந்தேற்றம் முடிந்து எழுந்து நிற்கையில் இரண்டு மூன்று முறை கண் இருண்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வெறும் வயிற்றில் வந்தால் அப்படித்தான்" என்றோம். 2006-ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் தோள் வலிக்கிறது என்றார். முடக்குவாதக்காரிக்குத் தோள் வலிப்பது புதிதா? வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தோம். நண்பகலுக்குள் இறந்துபோனார். மாரடைப்பு. கடைசி நேரத்தில் எடுத்த இ.சி.ஜி.யில், அதற்கு முன்பே யாரும் அறியாமல் ஒரு மாரடைப்பு வந்து போயிருந்த தழும்பும் தெரிந்தது.

அந்த வீட்டில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருந்தோம். எங்கள் கண் முழுவதும் மூட்டுகள் மேலேயே இருந்தது. அன்று அவருடைய துடிப்பு மாறுபாட்டை அளந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் அவருக்கும் ஓர் இருதயம் உண்டு என்று நினைத்திருப்போம்.

அதன் பிறகுதான் நாங்கள் தேடிப் படிக்க ஆரம்பித்தோம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று எங்கள் நெஞ்சைத் தைத்தது. முடக்குவாதக்காரர்கள் நெஞ்சுவலி என்று சொல்வது மற்றவர்களைவிடக் குறைவு, ஆனால் அறியாமல் வந்துபோகும் மாரடைப்பும் திடீர் மரணமும் அவர்களுக்கு அதிகம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு, மற்றவர்களுக்குக் கணக்கிடும் இருதய ஆபத்தை முடக்குவாதக்காரர்களுக்கு ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. மூட்டில் எரியும் அழற்சி இரத்தக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை என்பது இதற்கு முதற்காரணம். அதோடு நரம்பும் சேர்ந்துகொள்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2014-ல் எழுதியதன்படி, சோதித்துப் பார்த்த முடக்குவாதக்காரர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேரிடம் இந்தத் தன்னியக்க நரம்புகள் பழுதுபட்டிருந்தன. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் வேகஸின் பிடி தளர்ந்திருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

அது ஏன் கெடுதல்? கயிறு தளர்ந்த வண்டியில் சாட்டை மட்டும் மிஞ்சும். இருதயம் ஓய்விலும் விரைந்து ஓடும், தாறுமாறான துடிப்பில் விழும் அபாயம் கூடும். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் தாங்காமல் சரியும். மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரை வைத்து 1987-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், துடிப்பு மாறுபாடு மிகக் குறைந்திருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, நன்றாக இருந்தவர்களைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அவர்கள் முடக்குவாதக்காரர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கூட்டத்தின் கணக்கை இன்னொரு கூட்டத்தின் தலையில் அப்படியே ஏற்றக்கூடாது.

இதைச் சோதிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. எடின்பரோவில் டேவிட் யூயிங் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு நீரிழிவுக்காரர்களுக்காக வகுத்த எளிய முறைகள் உண்டு. நீங்கள் சற்றுமுன் செய்தீர்களே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, அதுவே அவற்றில் ஒன்று. அதை இ.சி.ஜி. இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு செய்தால், மிக விரைந்த துடிப்பு வேகத்துக்கும் மிகத் தளர்ந்த வேகத்துக்கும் இடையே 15 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருப்பது நலம், 10-க்குக் கீழே இருந்தால் நரம்பு தளர்ந்திருக்கிறது. வயது ஏற ஏற இது எல்லாருக்குமே குறையும். ஆகவே எழுபது வயதுத் தாத்தா பேரனோடு போட்டி போட வேண்டாம். இன்னொரு சோதனை, படுத்திருந்து எழுந்தபின் மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பது. இப்போது இளைஞர்கள் கட்டியிருக்கும் கைக்கடிகாரங்கள் சிலவும் துடிப்பு மாறுபாடு என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. உறக்கம், காபி, காய்ச்சல், மனக்கவலை எல்லாம் அந்த எண்ணை ஆட்டிவைக்கும். உங்களுடைய எண்ணை அடுத்த வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மூச்சுக்குத் தொடர்பே இல்லாமல் நாடி கன்னாபின்னாவென்று துடித்தால், அது நாங்கள் புகழ்ந்த ஏற்ற இறக்கம் அல்ல. அது வேறு நோய். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

முடக்குவாதம் வந்ததால் வேகஸ் தளர்ந்ததா, வேகஸ் தளர்ந்ததால் முடக்குவாதம் வந்ததா? இக்கேள்வி விளையாட்டல்ல. வலியும் உறக்கமின்மையும் நடமாட்டக் குறைவும் அழற்சிப் பொருள்களும் நரம்பைத் தளர்த்தும் என்பது சரி. ஆனால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெவின் டிரேசி என்ற மருத்துவரின் குழுவினர் எலிகளின் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது, அழற்சியை மூட்டிவிடும் டி.என்.எஃப். என்ற பொருளின் சுரப்பு அடங்கியது. அடக்கியது எது தெரியுமா? லோவி பாஸ்கா இரவில் கண்ட அதே அசிட்டைல்கோலின்தான்! இருதயத்தின் மூக்கணாங்கயிறு அழற்சிக்கும் மூக்கணாங்கயிறு என்று தெரிந்தது. பிறகு நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடக்குவாதத்துக்கான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தும் இன்னும் மூட்டு வீங்காதவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஓய்வு நாடி விரைவாக இருந்தவர்களுக்கே பின்னால் நோய் அதிகமாக வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

2016-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 17 நோயாளிகளுக்கு வேகஸைத் தூண்டும் சிறு கருவியை உடலுக்குள் பதித்துப் பார்த்தார்கள். டி.என்.எஃப். குறைந்தது, பலருக்கு வீக்கமும் தணிந்தது. பின்னர் 242 பேரிடம் நடந்த பெரிய சோதனையை வைத்து, 2025-ல் அமெரிக்க அரசு இத்தகைய கருவி ஒன்றுக்கு அனுமதி வழங்கியது. மருந்துகள் பலிக்காதவர்களுக்கே அது. இதைக் கேட்டுவிட்டுக் காதில் மாட்டும் கருவி, கழுத்தில் ஒட்டும் கருவி என்று விற்க வருபவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பணமில்லாமல் வேகஸை வலுவாக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். நடை உண்டு. தென்னாப்பிரிக்காவில் முடக்குவாதப் பெண்களுக்கு மூன்று மாதம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து 2012-ல் எழுதியிருக்கிறார்கள், துடிப்பு மாறுபாடு தேறியது. அடுத்தது மெதுவான மூச்சு. இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று. இத்தாலியில் பவியா நகரின் லூச்சானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், நல்ல உடல்நிலையிலுள்ள 23 பேரை லத்தீனில் செபமாலையின் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லவைத்தும், யோக மந்திரத்தைச் சொல்லவைத்தும் மூச்சையும் நாடியையும் அளந்து 2001-ல் வெளியிட்டார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாக இறங்கியது. அதாவது நம் சோதனையின் அதே ஆறு. இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இருதயத்தைத் திருத்தும் நரம்புத் திறனும் கூடியது. ஆனால் ஒரு சிக்கல். ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, மற்றவர்கள் நிறுத்தி நிதானமாகப் பிற்பகுதியைச் சொன்னால்தான் அந்த ஆறு வரும். நாம் சில வீடுகளில் சொல்லும் வேகத்தைப் பெர்னார்டி கேட்டிருந்தால் இயந்திரத்தை மூட்டை கட்டியிருப்பார். செபமாலை முடக்குவாதத்துக்கு மருந்து என்று நாங்கள் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்ல வேண்டாம். மருந்து வேறு, இது வேறு.

மருந்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறோம். அழற்சியை அடக்காமல் இருதயத்தைக் காக்க முடியாது. இந்நோய்க்கு இன்று முதன்மையாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தின் பிறப்பில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திர அறிஞருக்கும் பங்குண்டு. 1940-களில் அமெரிக்காவில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து புற்றுநோய்க்காக வந்த மருந்து அது. முடக்குவாதத்துக்கு 1980-களில் நிலைபெற்றது. அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் விழுங்கி உயிரை இழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளோ இரத்த அழுத்தத்தை ஏற்றும், இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 'மூன்றே நாளில் குணம்' என்று கொடுக்கப்படும் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. புகையிலையைப் பற்றி ஒரே வாக்கியம்: புகைப்பது முடக்குவாதத்தையே வரவழைக்கிறது, இருதயத்தையும் அடைக்கிறது.

உங்கள் வீட்டில் முடக்குவாதக்காரர் இருந்தால், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாள்தோறும் 90-க்கு மேலேயே நின்றால், எழுகையில் தலை சுற்றினால், மாடிப்படி ஏறுகையில் முன்னில்லாத இளைப்பு வந்தால், அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டி, "இருதயத்தையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தோள், தாடை, முதுகு, மேல்வயிறு எங்கே வலித்தாலும், புதிதாக, வியர்வையோடு, மூச்சு முட்டலோடு வந்தால் அது மூட்டுவலி என்று முடிவு கட்டாமல் மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். ஒன்றில் உட்கார்ந்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்ப்போம். மற்றதில், மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிவந்த இ.சி.ஜி. இயந்திரத்தில் ஆறு மூச்சுச் சோதனை செய்வோம். விரல் வீங்கியவர்கள் முதலில் வரட்டும், மற்றவர்கள் தேநீர் அருந்திவிட்டு வரலாம். வீட்டில் என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள் என்று கேட்போம். பெயர் தெரியாதவர்கள் அட்டையையே எடுத்து வாருங்கள், காத்திருக்கிறோம்.